மேட்டுத்தெரு முழுக்க ஒரே ஆள்

ஷெர்லினுக்கு அன்று காலை இட்லி தொண்டைக்குள் இறங்கவில்லை. இரண்டு இட்லியையும் பிய்த்துப் பிய்த்துச் சாம்பாரில் மிதக்கவிட்டுவிட்டு எழுந்தவளை, கல்லாவில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா தேவப்பிரியம் எட்டிப் பார்த்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. திருவொற்றியூர் மேட்டுத்தெருவில் மளிகைக் கடை போட்டுப் பாதி ஆயுசு போய்விட்டது, ஆனாலும் அவர் வாயை விட்டுச் சொந்த ஊர் சாத்தான்குளம் போகவில்லை.

"ஏட்டி, சாப்பிடாமப் போனா அங்க போயி மயங்கி விழுவ. வாரது என்ன புலியா?"

"புலின்னா பரவாயில்லப்பா. ஆபீசர்."

விஷயம் இதுதான். ஷெர்லின் மூன்று வருஷமாக ஒரு வலை பின்னிக்கொண்டிருந்தாள். காசிமேட்டில் பின்னுகிற வலை இல்லை, கம்ப்யூட்டர் வலை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் சந்துபொந்துகளில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிகளையும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களையும் ஒன்றோடு ஒன்று இணைத்து, எண்ணூரில் எழுதிய ரிப்போர்ட்டைக் கொருக்குப்பேட்டை டாக்டர் தன் மேசையிலேயே பார்க்கும்படி செய்திருந்தாள். அதற்கு வடகரை வலை என்று பெயரும் வைத்திருந்தாள். வயர் இழுத்தது தெருவுக்குத் தெரு கேபிள் டிவி கொடுப்பவர். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி, கொடியில் காயும் புடவைகளுக்கு மேலே போகும் அந்த வயர் மழை வந்தால் மூச்சை நிறுத்தும், மழை விட்டால் எழுந்து உட்காரும். அதையாவது சமாளித்துவிடலாம். டாக்டர்களைச் சமாளித்ததுதான் பெரிய பாடு. "என் பேஷண்ட்டை அடுத்த தெரு டாக்டருக்கு நானே காட்டிக் கொடுக்கணுமா?" என்று கேட்ட ஒருவரை வழிக்குக் கொண்டுவர அவள் குடித்த டீயில் குளிக்கவே செய்யலாம்.

இவ்வளவு வீம்பு எதற்கு என்றால், எதிர்வீட்டுத் தாயம்மாவுக்காகத்தான். தாயம்மாவுக்கு நெஞ்சுச் சளி. போகிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் மஞ்சப்பையில் எக்ஸ்ரேயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவாள். அதைப் பார்க்காமலே இன்னொன்று எடுக்கச் சொல்வார்கள். வீட்டில் சேர்ந்த எக்ஸ்ரேக்களுக்குக் கணக்கே இல்லை. சூரிய கிரகணத்தன்று மேட்டுத்தெருவே தாயம்மாவின் விலா எலும்பு வழியாகத்தான் சூரியனைப் பார்த்தது.

இப்போது, இரண்டாயிரத்து ஆறில், மாநிலம் முழுக்க இப்படி ஒரு வலை வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை வந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு உள்ளூர் வலை இருந்தது, ஈரோட்டுப் பக்கம் இன்னொன்று. இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் பாலம் போடலாம் என்பது ஒரு கட்சி. எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டு, ஒரே இடத்தில் ஒரே பெரிய மிஷினைப் புதிதாக வைக்கலாம் என்பது இன்னொரு கட்சி. முடிவு சொல்ல வேண்டிய அதிகாரி அருள்பிரகாசம் இரண்டாவது கட்சி. அன்றைக்கு நேரில் வந்து பார்க்கப் போகிறார். தூத்துக்குடியில் பதிவான ஒரு நோயாளியின் விவரம் திருவொற்றியூரில் ஒழுங்காக வந்து நின்றால், வடகரை வலை மாநில வலையின் முதல் கண்ணி. நிற்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். தாயம்மாக்கள் மறுபடி மஞ்சப்பையைத் தூக்குவார்கள். அதை நினைத்துத்தான் ஷெர்லினுக்கு இட்லி இறங்கவில்லை.

தேரடி பக்கத்தில் டாக்டர் பதுருன்னிசா நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரியின் மாடியில் எல்லோரும் கூடினார்கள். வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. அருள்பிரகாசம் உயரமான மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா, முகத்தில் சந்தேகம். ஆனால் கெட்டவர் இல்லை. காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்ததைப் பார்த்து ஷெர்லினுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நோயாளி, தாயம்மாவோடு வந்திருந்த அவள் மகள் மதி. கல்யாணமாகித் தூத்துக்குடி போனவள். புருஷன் தீனாவுக்கு அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, போன வாரம்தான் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கை நிறைய வளையல், கூடை நிறையப் பலகாரம், எல்லாம் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் காகிதம் மட்டும் வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு பீரோல வெச்சி பூட்டிட்டாரு டாக்டர். சாவிய பாக்கெட்ல போட்டுகினு வேலைக்கி கெளம்பிட்டாரு," என்றாள் மதி.

"ரத்த வகை நெகட்டிவ்னு மட்டும் ஞாபகம் வெச்சிருக்கா," என்றார் பதுருன்னிசா, அருள்பிரகாசத்திடம். "அதுக்குன்னு ஒரு ஊசி இந்த மாசம் போடணும். அங்க போட்டாங்களா இல்லையான்னு தெரியாம நான் கையைப் பிசைஞ்சிட்டு இருக்கேன். குழந்தை விஷயம் சார்."

"எத்தினியோ ஊசி போட்டாங்கோ. எதுக்கின்னு யாரு சொன்னாங்கோ?" என்றாள் மதி.

அருள்பிரகாசம் மதியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஷெர்லினைப் பார்த்துத் தலையசைத்தார். சோதனைக்காகப் போட்டிருந்த பாலத்தில் ஆளைத் தேடுவது போன் நம்பரை வைத்துத்தான். அந்த விதியை எழுதியதும் ஷெர்லின்தான். ஒவ்வொரு வலையும் தன் ஆட்களுக்குத் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்திருந்தது. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது போன் நம்பர் ஒன்றுதான்.

"தூத்துக்குடியில என்ன நம்பர் குடுத்த மதி?"

மதி சொன்னாள். ஷெர்லினின் விரல்கள் தானாகவே தட்டின. அவ்வளவு பழக்கமான நம்பராக இருந்ததால் அது யாருடையது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சுவரில் வட்டம் சுற்றியது. தூத்துக்குடி பதில் சொன்னது, வடகரையும் பதில் சொன்னது, பாலம் இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாக்கிச் சுவரில் நிறுத்தியது.

அருள்பிரகாசம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"நோயாளி ஒருவர். பால், ஆண் மற்றும் பெண். வயது அறுபத்திரண்டு. வயது நாலு. கர்ப்பம் ஏழாம் மாசம். குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சாச்சு. நாய்க்கடி, ரெண்டு தடவை. இல்ல, மூணு தடவை. பால்பல் ஆட்டம். மூட்டு தேய்மானம். பிரசவம்..." அவர் கீழே உருட்டிக்கொண்டே போனார். பிரசவம் மட்டும் சுவர் கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. "இருக்கிற எல்லா ரத்த வகையும் இவருக்கு ஓடுது."

தாயம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யாரு சார் இந்தப் பாவம்? இன்னும் உசுரோடயா கீது?"

பதுருன்னிசா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷெர்லின் சுவரின் மூலையைப் பார்த்தாள். அங்கே அந்த நம்பர் நின்றது. அவள் வீட்டு நம்பர். அப்பா கடை நம்பர்.

மேட்டுத்தெருவுக்கே அது ஒன்றுதான் போன். வேலைக்கு மனு போட்டாலும், கேஸ் சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்தாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், ஊரில் கல்யாணம் பேசினாலும், தெருவில் எல்லோரும் கூசாமல் கொடுப்பது அண்ணாச்சி கடை நம்பர். கட்டிக் கொடுத்த பெண்கள்கூட, போன இடத்தில் "அம்மா வூட்டு நம்பரு" என்று அம்மா பேரோடு சேர்த்து அதைத்தான் கொடுத்தார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரிகளில் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. நர்ஸ் முகத்தைப் பார்ப்பாள், பேரைக் கேட்பாள், சரியான பதிவை எடுப்பாள். பாலத்துக்கு முகம் தெரியாது. அது நம்பரைப் பார்த்து மேட்டுத்தெருவையே ஒரே ஆளாகக் கட்டிப் போட்டுவிட்டது.

வெட்கம் ஷெர்லினின் காது வரைக்கும் ஏறியது. வேறு எவள் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். போன் இருந்த வீட்டில் பிறந்ததால், வீட்டுக்கு ஒரு போன் உண்டு என்று நினைத்துக்கொண்டு விதி எழுதியிருக்கிறாள். தெருவே தன் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனதைப் பார்த்தே வளர்ந்தவள்!

"சிரிப்பா இருக்கு, சரி," என்றார் அருள்பிரகாசம். அவர் குரலில் சிரிப்பு இல்லை. "ஆனா இதை நம்பி நாளைக்கு ஒரு டாக்டர் ரத்தம் ஏத்தினா? உள்ளூர்ல அவங்கவங்க வசதிக்குக் கட்டினதை ஒட்டுப் போட்டா இப்படித்தான் ஆகும்னு நான் ஆரம்பத்துலேயே சொன்னேன் ஷெர்லின்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. சுவரில் இருந்த அந்த அதிசய மனிதரைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் தாயம்மா மகளிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். "அந்த மூணு நாய்க்கடில ஒண்ணு நம்ம குமாருதுமே. மீன்கட நாயி."

"எந்தக் குமாரு?" என்றாள் மதி.

"பவுனம்மாள் புள்ள."

ஷெர்லின் சட்டென்று திரும்பினாள். எந்தக் குமாரு? யாரு புள்ள? இதே கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! பாவாடை கட்டிய வயசில் அவளுக்கு வேலையே அதுதான். போன் வரும். "குமாரைக் கூப்பிடுங்க" என்பார்கள். தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு குமார் மேல்தான் விழ வேண்டும். "எந்தக் குமாரு? யாரு புள்ள?" என்று அவள் கேட்பாள். எதிர்முனை அம்மா பேரைச் சொல்லும். அப்பா பேரைச் சொன்னால் இங்கே ஆள் தெரியாது. அப்பாக்கள் ஷிப்டுக்குப் போயிருப்பார்கள், கப்பலில் இருப்பார்கள். அம்மாக்கள்தான் தெருவில் இருப்பார்கள். "பவுனம்மாள் குமாரே, லைன்ல இருக்காங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினால் சரியான குமார் சரியான வீட்டிலிருந்து வேட்டியைக் கட்டிக்கொண்டே வெளியே வருவான். ஒரு தடவைகூட ஆள் மாறியதில்லை.

"சார், நம்பர் இருக்கட்டும். கூடவே அம்மா பேரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்துக் கேட்டா ஆள் பிரிஞ்சிடும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

"யார்கிட்ட போய்க் கேட்பீங்க?"

"அவங்ககிட்டயேதான்."

அருள்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். பதுருன்னிசா குறுக்கே வந்தார். "பிரியாணி சொல்லியிருக்கேன் சார். சாப்பிடாம இந்த மாடியை விட்டு யாரும் இறங்க முடியாது. அதுவரைக்கும் இவ என்ன பண்றான்னு பாருங்களேன்." பிரியாணி வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. அதிகாரிக்கும் வயிறு ஒன்று உண்டு. அவர் உட்கார்ந்தார்.

ஷெர்லின் ஆஸ்பத்திரி போனை எடுத்து அந்த நம்பரைச் சுழற்றினாள்.

"மேட்டுத்தெரு ஸ்டோர்," என்றார் தேவப்பிரியம், எல்லாரிடமும் சொல்வதுபோல. "யாரு வேணும்?"

"எல்லாரும் வேணும்ப்பா."

"எவ அவ? ஷெர்லினா? எல்லாரும்னா?"

"நம்ம நம்பரைக் குடுத்த எல்லாரும். தேரடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு முதல்ல சொல்லிடுங்க. பயந்துடப் போறாங்க."

ரிசீவரைப் பொத்தாமலே, அவர் தெருவைப் பார்த்து எழுப்பிய குரல் அவள் காதைப் பிளந்தது. "ஏ மேட்டுத்தெரு! லைன்ல இருக்காவ! எல்லாரும் வாங்க!"

பிரியாணித் தட்டில் முதல் கை வைப்பதற்குள் கீழே இரைச்சல் கேட்டது. அருள்பிரகாசம் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். மேட்டுத்தெரு வந்துகொண்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், ஷிப்டு முடிந்து லுங்கியோடு வந்த ஆண்கள், அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தவர்கள், கைத்தடி, சைக்கிள், ஒரு மீன்பாடி வண்டியில் இரண்டு பெரியவர்கள். வண்டிக்குப் பின்னாலேயே அந்த மூன்று கடிக்கும் காரணமான நாயும் வந்தது. கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேவப்பிரியமும் வந்தார்.

"யாரு இவங்க?" என்றார் அருள்பிரகாசம்.

"அந்த நோயாளி சார்," என்றார் பதுருன்னிசா.

அவர் சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். காலையிலிருந்து ஷெர்லினின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்பில் பாதி இறங்கியது.

புரொஜெக்டரை அணைத்தாள். கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, நடுவில் பச்சைத் திரையை இழுத்துவிட்டாள். ஒருவர் விவரம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது, ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும் என்று அருள்பிரகாசமே வாசலில் நின்று சொன்னார். அவர் சொன்னதை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் வரிசையில் நின்றபடியே தங்கள் வியாதிகளை ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டார்கள்.

"குடலெறக்கம் என்துதான் சார். மத்ததெல்லாம் நான் இல்ல."

"பாவிங்களா, எனக்கு இருபது பிரசவம்னு எவன் எழுதினான்? எனக்கு ரெண்டே ரெண்டு!"

"மத்த பதினெட்டும் நம்ம தெருதான்க்கா, வேற யாருதும் இல்ல. பேஜாராவாத."

திரைக்குள் ஷெர்லின் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரு புள்ள? பதில்கள் வந்தன, பிறந்த வருஷத்தோடு அவரவர் பதிவில் ஏறின. பவுனம்மாள் புள்ள. ராஜம்மா பொண்ணு. கைத்தடி ஊன்றி வந்த ஒரு கிழவர், செத்து எத்தனையோ வருஷமான தன் அம்மா பேரைச் சொல்லும்போது குழந்தைபோல் நிமிர்ந்து நின்றார். அவரிடம் அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று நினைத்து ஷெர்லினுக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு வர முடியாதவர்களின் பதிவுகள் யாரோடும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும்படி விதியை மாற்றினாள்.

கடைசியில் மதியைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அருள்பிரகாசமே நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார். நம்பர். அம்மா பெயர், தாயம்மா. பிறந்த வருஷம். வட்டம் சுற்றியது. தாயம்மா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ வேண்டினாள். ஷெர்லினும் வேண்டினாள்.

ஒரே ஒரு மதி வந்து நின்றாள். பெண். வயதுக்கு ஒரே ஒரு எண். ஒரு கர்ப்பம். ரத்த வகை ஓ நெகட்டிவ். அதற்கான ஊசி தூத்துக்குடியில் வளைகாப்புக்கு முந்தின நாள் போட்டாகிவிட்டது.

"போட்டுட்டாங்க!" என்று பதுருன்னிசா கையைத் தட்டினார். "அல்லாஹ், போட்டுட்டாங்க. என் பாதி தூக்கம் திரும்பி வந்துச்சு."

திரைக்கு வெளியே என்ன ஏதென்று புரியாமலே மேட்டுத்தெருவும் கையைத் தட்டியது. அருள்பிரகாசம் மட்டும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி ஷெர்லின். இங்க அம்மா பேர். ஈரோட்டுல இது எடுபடுமா?"

"தெரியாது சார்," என்றாள் ஷெர்லின். "அங்க ஒரு ஆளை எப்படி விசாரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. தூத்துக்குடியும் தெரியாது. அதை அங்க இருக்கிறவங்கதான் சொல்லணும். நீங்க எல்லாத்தையும் ஒரே இடத்துல புதுசா கட்டினாலும், எவளாவது என்னை மாதிரி ஒருத்தி தன் வீட்டை நெனச்சிட்டு ஒரு விதி எழுதுவா. அப்போ மாநிலம் முழுக்க ஒரே ஆள் ஆயிடும்."

அவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. அதைச் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினார்.

"ஈரோட்டுக்கு அடுத்த வாரம் போறேன். நீங்களும் வரீங்க," என்றார். "எப்படி விசாரிப்பாங்கன்னு சேர்ந்தே கேட்போம். வடகரை வலை இருக்கட்டும். முதல்ல இதைத்தான் பாலத்துல சேர்க்கிறோம்."

ஷெர்லின் பதில் சொல்ல வாய் திறந்தாள், அழுகைதான் வந்தது. தேவப்பிரியம் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏட்டி, அழாத. காலையில சாப்பிடல்லா, அதான். சார், இவளுக்கு ஒரு தட்டு பிரியாணி குடுக்கச் சொல்லுங்க." ஷெர்லின் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவ்வளவு ருசியான பிரியாணியை அவள் அதற்கு முன் சாப்பிட்டதே இல்லை.

பாலம் முறையாகத் திறந்த சில நாளில் மதிக்கு வலி எடுத்தது. தீனா தூத்துக்குடியிலிருந்து பீரோச் சாவியோடும், மறக்காமல் எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிக் காகிதங்களோடும் ஓடி வந்தான். அந்தக் காகிதங்களை யாரும் கேட்கவில்லை என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெண் குழந்தை பிறந்தது. பாலத்தில் பதிவாகும் முதல் கைக்குழந்தை என்பதால் ஷெர்லினே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா பேரு மதி," என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். "போன் நம்பர்?"

தீனா கழுத்தில் தொங்கிய புது செல்போனைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான். தாயம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"உன்து டவர் கெட்ச்சா கெடைக்கும், இல்லாங்காட்டி இல்ல. அண்ணாச்சி கட நம்பர போடு ஷெர்லினு. எங்க போனாலும் நாங்கோ அதான் குட்துகினு கீறோம்."

ஷெர்லின் சிரித்துக்கொண்டே அந்த நம்பரைத் தட்டினாள். ஒரு நொடியில் பதிவு போய்ச் சேர்ந்தது. யாரோடும் ஒட்டவில்லை. குழந்தை தன் பெயரே இல்லாமல், தனி ஆளாகச் சுத்தமாக நின்றது. அப்புறம் ஷெர்லின் போனை எடுத்து அதே நம்பரைச் சுழற்றினாள்.

"மேட்டுத்தெரு ஸ்டோர். யாரு வேணும்?"

அவள் பேசவில்லை. ரிசீவரைக் குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். குழந்தை நல்ல நேரம் பார்த்து வீறிட்டது.

எதிர்முனையில் தேவப்பிரியம் பழக்கதோஷத்தில் கேட்டார்.

"யாரு புள்ள?"

"மதி புள்ளப்பா."

"ஏ மேட்டுத்தெரு!" என்று அவர் கத்துவது கேட்டது. "மதி பிள்ள லைன்ல இருக்கா! எல்லாரும் வாங்க!"

ஓடி வரும் காலடிச் சத்தம் போனிலேயே கேட்டது. ஷெர்லின் ரிசீவரைக் குழந்தையின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே கடையில் மேட்டுத்தெரு ஒவ்வொருவராகப் போனை வாங்கி வாங்கிக் காதில் வைத்துக் கேட்டது.